தேரிப் பூவுக்கு ஒரு கொடம் தண்ணி

ஏ தங்கச்சி, அந்தப் பைய இங்கிட்டு என் மடியில வையுங்க. கீழ வச்சா எவனாவது மிதிச்சிருவான். நீங்க எங்க, திருச்செந்தூருக்கா? நல்லதாப் போச்சு, நாங்க அதுக்கு முந்தியே இறங்கிருவோம். நாங்கன்னா நானும் எங்க வீட்டுக்காரவியளும். அந்தா, டிரைவருக்குப் பின்னால ரெண்டாவது சீட்டுல, வெள்ளைச் சட்டை போட்டுக்கிட்டு, மடியில ஒரு பிஸ்கட் டப்பாவ வச்சுக்கிட்டு செல்போனத் தடவிக்கிட்டிருக்காவ பாருங்க, அவியதான். டப்பாவுல பிஸ்கட் இல்ல, இப்போ ஒண்ணுமே இல்ல. காலையில வாரப்ப அதுல ஒரு பூ இருந்துச்சு. பூவுன்னா மல்லி, பிச்சின்னு நெனச்சிராதிய. என் சுண்டுவிரல் நகத்துக்குள்ள அடங்கிரும், அம்புட்டுத்தான். அது என்ன பூவுன்னு கண்டுபிடிக்கப் போயி, கார்த்திகை மாசத்துலயிருந்து எங்க வீட்டுல சோறு நேரத்துக்கு வேகல.

அவிய லயன்மேனா இருந்தாவ. லிங்கதுரைன்னு கேட்டா யாருக்கும் தெரியாது, லயன்மேன் அண்ணாச்சின்னு கேட்டா எங்க பக்கத்துல யாரும் வீட்டக் காட்டுவாவ. கரண்டு போச்சுன்னா ஊரே எங்க வாசல்லதான் நிக்கும். "மைனி, அண்ணாச்சி இருக்காவளா?" சோத்துல கைய வச்சிருப்பாவ, அப்படியே கழுவிட்டு எந்திரிச்சுப் போவாவ. நான் சண்டை போடுவேன். போடத்தான செய்வோம். ரிட்டையர் ஆன பொறவுதான் தெரிஞ்சுது, அதெல்லாம் எம்புட்டு நல்ல சண்டைன்னு.

ரிட்டையராயி மொத மழைக்குக் கரண்டு போச்சு. அவிய கட்டிங் பிளேயர எடுத்துக்கிட்டு செருப்ப மாட்டிட்டாவ. தெருமுக்குக்குப் போறதுக்குள்ள, புதுசா வந்த பையன் போஸ்டுல ஏறி வேலைய முடிச்சுட்டான். லைட்டு எரிஞ்சிட்டு. அந்த வெளிச்சத்துலயே திரும்பி வந்து, கட்டிங் பிளேயர எடுத்த எடத்துல வச்சாவ. மறுநாள்லயிருந்து நாற்காலிதான். டிவியப் போட்டா பாப்பாவ. அமத்துனாலும் அதே எடத்தத்தான் பாப்பாவ. எனக்குப் பயம் வந்துட்டு தங்கச்சி, மறைக்க என்ன இருக்கு. எங்க மாமனாரும் இப்படித்தான் உக்காந்தாவ. உக்காந்தவிய எந்திரிக்கவே இல்ல.

எங்க மக பொன்செல்வி கோயம்புத்தூர்ல இருக்கா. அவ வந்தப்ப அவ பழைய போன அப்பாவுக்குக் குடுத்து, ஒரு குரூப்புல சேத்துவிட்டுப் போனா. செடி கொடிய போட்டோ எடுத்துப் போட்டா, அது என்ன செடின்னு பேரு சொல்லுத குரூப்பாம். வேலையத்த ஆளுவ எம்புட்டுப் பேரு இருக்காவன்னு அன்னைக்குத்தான் எனக்குத் தெரியும்.

எங்க ஊருக்கு மேக்க தேரி. நீங்க பாத்திருக்கியளா? மிளகாத்தூளக் கொட்டி வச்ச மாதிரி செவப்பு மணலு, கண்ணுக்கெட்டுன தூரத்துக்கு. மழை பெஞ்சு முடிச்ச கையோட ஈரத்தத் தேடணும். அதுல எங்களுக்கும் ஒரு துண்டு நெலம் உண்டு. நாலு முந்திரி, அஞ்சாறு பனை, மிச்சமெல்லாம் முள்ளா நிக்க உடைமரம். கார்த்திகையில மழை நல்லா பெஞ்சுதா, பனை விழுந்துருக்கான்னு பாக்கப் போறேன்னு போனாவ. போனவிய வரும்போது மொகமே வேற. "ஏட்டி, இங்க பாரு"ன்னு போனக் காட்டுதாவ. மணலோட மணலா ஒரு மஞ்சப் பூ. சாமந்திப் பூவ வெயில்ல போட்டுச் சுருக்குனா எப்படி இருக்கும், அப்படி. நானும் அதப் பாத்துத்தான் இருக்கேன். எங்கூர்ல அதுக்குப் பேரே கிடையாது. ஆடு திங்கும், அதுதான் அதுக்கு மருவாதி.

குரூப்புல போட்டாவ. கொஞ்ச நேரத்துல ஒரு சார் பதில் போட்டுட்டாரு. குரூப்புக்கே அவருதான் பெரியவராம். "இது வெட்டுக்காயப் பூண்டு. வெளிநாட்டுக் களை. ரோட்டோரம் எங்கேயும் கிடைக்கும்." அவ்வளவுதான், ஆளாளுக்குக் கட்டைவிரலத் தூக்கிக் காட்டுதாவ. எங்க வீட்டுக்காரவியளுக்கு வந்துச்சே கோவம். வெட்டுக்காயப் பூண்டு அவியளுக்குத் தெரியாதா? லயன்மேன் கையில வெட்டுக்காயம் ஆறுன நாளு உண்டா? அந்த இலையக் கசக்கி வச்சுக் கட்டியே நான் முப்பது வருசம் குடும்பம் நடத்தியிருக்கேன். அதுல வெள்ளை எதழு இருக்கும், நீளக் காம்பு இருக்கும், பிள்ளைய அது தலையச் சுண்டி விளையாடும். இது அது இல்ல. அவியளும் அப்படித்தான் எழுதுனாவ. அதுக்கு அந்தச் சாரு, "பெரியவரே, படம் தெளிவா இல்லை. ஆசையை வைத்துச் செடியை அடையாளம் காண முடியாது"ன்னு போட்டுட்டாரு.

அன்னைக்கு ராத்திரி சோறு வேண்டாம்னுட்டாவ. மறுநா விடியக்காலையில செருப்பு மாட்டுத சத்தம் கேட்டுது. நான் படுத்தபடியே கேட்டுக்கிட்டுக் கெடந்தேன். எனக்குக் கண்ணீரு வந்துட்டு. கோவமோ எழவோ, எந்திரிச்சுட்டாவள்லா.

அதுக்குப் பொறவு நடந்த கூத்து இருக்கே. முப்பது வருசம் மேல பாத்து நடந்த மனுசன், கீழ பாத்து நடக்க ஆரம்பிச்சாவ. மேல பாத்து நடந்தா கௌரவம், ஊருக்கு வெளிச்சம். கீழ பாத்து நடந்தா ஊரு என்ன நெனைக்கும்? அதுவும் இவிய சும்மாவா பாக்காவ, மணல்ல குப்புறப் படுத்து, பூதக்கண்ணாடிய வச்சு, மூக்கு தரையில முட்ட முட்டப் பாக்காவ. ஆட்டுக்காரி கனியம்மா பாத்துருக்கா. "அண்ணாச்சி, என்ன தொலஞ்சுது?" "ஒண்ணுமில்ல, பூ பாக்கேன்." அவ நம்புவாளா? அவளும் குனிஞ்சு தேடியிருக்கா. அங்க வந்த ரெண்டு பேரு அவளப் பாத்துட்டுத் தேடியிருக்காவ. என்னத்தத் தேடுதோம்னு கேக்க எவனுக்கும் வாய் வரல.

சாயங்காலம் தெருப் பொம்பளைய எல்லாரும் எங்க வீட்டுக்கு வந்துட்டாளுவ. ஒருத்தியும் விசயத்தச் சொல்லல. என் கழுத்தப் பாக்காளுவ, மொகத்தப் பாக்காளுவ, மறுபடி கழுத்தப் பாக்காளுவ. "போனது போவட்டும் மைனி, உசுரு இருந்தா பொன்னு சேக்கலாம்"னு ஒருத்தி என் கையப் பிடிச்சுக்கிட்டு அழுதா. பொறவுதான் புரிஞ்சுது, என் தாலிக்கொடி தேரியில விழுந்துட்டுன்னு ஊருக்குள்ள பேச்சாம். நான் சேலைக்குள்ள கெடந்தத எடுத்துக் காட்டுனேன். அப்பவும் ஒருத்தி, "கவரிங்கா மைனி?"ன்னா. அன்னைக்கு எங்க வீட்டுக்காரவியள நான் பேசுன பேச்சு இருக்கே, எல்லாத்தயும் கேட்டுக்கிட்டு அமைதியாச் சொல்லுதாவ, "ஏட்டி, உனக்கு ஒண்ணு தெரியுமா? இது ஒரு பூ இல்ல. நடுவுல பொடிப்பொடியா இருக்குல்லா, அது ஒவ்வொண்ணும் தனித்தனிப் பூ. சுத்தி நிக்க எதழும் ஒவ்வொண்ணும் ஒரு பூ. ஒரு கல்யாணக் கூட்டமே நிக்குது." நான் சொன்னேன், "அப்போ அந்தக் கூட்டத்துக்கே போயி சோறு கேளுங்க"ன்னு. சிரிச்சாவ. ரிட்டையர் ஆன பொறவு அன்னைக்குத்தான் சிரிச்சாவ தங்கச்சி.

அப்போ நான் முடிவு பண்ணிட்டேன். அந்தப் பூவு என்ன பூவா வேணும்னாலும் இருக்கட்டும், ரோட்டோரக் களைன்னு மட்டும் ஆயிரக் கூடாது. ஆச்சுன்னா மறுபடியும் அந்த நாற்காலிதான்.

கனியம்மா ஆட்டுக்குப் பூவு, படிப்பு, குரூப்பு ஒண்ணும் தெரியாதுல்லா. அதனால அவிய உடைமுள்ள வெட்டி, செடி நாலஞ்சு நிக்க எடத்தச் சுத்தி வேலி கட்டுனாவ. மார்கழி பாதியோட மழையும் நின்னுட்டு. வெயிலு ஏறுது. நான் ஒருநா போயிப் பாக்கேன், வேலிக்குள்ள அதுவ வாடித் தொங்கிக்கிட்டு நிக்குதுவ. வீட்டுக்கு வந்து சொன்னேன். "அது அப்படித்தான். தேரியில பொறந்தது, தண்ணி கிண்ணி ஊத்தக் கூடாது"ன்னாவ. ஆம்பளைய அப்படித்தான சொல்லுவாவ. பொன்செல்வி தொட்டில்ல கெடந்து வீல் வீல்னு கத்துனப்பவும், "அது அப்படித்தான்"னு போஸ்டுல ஏறப் போன ஆளுதான். நான் அந்தப் பேச்ச அன்னைக்கும் கேக்கல, இன்னைக்கும் கேக்கல.

அவிய சாயங்காலம் டீக்கடைக்குப் போற நேரமாப் பாத்து, அடிபம்புல ஒரு கொடம் அடிச்சு, இடுப்புல வச்சுக்கிட்டுப் போவேன். தேரி மணல்ல தண்ணிக் கொடத்தோட நடந்து பாத்தாத்தான் தெரியும். ஒரு அடி வச்சா அரை அடி பின்னால இழுக்கும். தெனமும் ஊத்துனேன். வீண்போகல தங்கச்சி. ஒரு சாண் நின்னது முழங்காலுக்கு வந்துட்டு. இலை ஒவ்வொண்ணும் வெத்தலை மாதிரி விரிஞ்சுது. பூக்கத்தான் இல்ல. அதுனால என்ன, மொதல்ல ஒடம்பு தேறட்டும், பூவு பொறவு வரும்னு நெனச்சேன். அவிய போயிப் பாத்துட்டு வந்து, "அதிசயமா வளருதே"ன்னு மட்டும் சொன்னாவ. நான் கமுக்கமா இருந்துக்கிட்டேன்.

தை மாசம் பொன்செல்விதான் விசாரிச்சுச் சொன்னா, பாளையங்கோட்டையில ஒரு காலேஜ்ல செடி பாக்குத மேடம் இருக்காவ, ரெஜினா மேடம்னு பேரு, நேர்ல கொண்டு போங்கப்பான்னு. அதுக்குள்ள வேலிக்கு வெளிய நின்னத எல்லாம் ஆடு மேஞ்சு முடிச்சிருந்துச்சு. உள்ள நின்னதுலயே நல்ல கொழுத்ததா ஒண்ண வேரோட எடுத்துக்கிட்டுப் போனோம். எனக்குன்னா பெருமை. என் பிள்ளைய பரீச்சைக்குக் கூட்டிட்டுப் போற மாதிரி இருந்துச்சு.

அந்த மேடம் சின்னப் பொண்ணுதான். தங்கமான பேச்சு. செடியப் பாத்தா, லென்ஸ வச்சுப் பாத்தா, திருப்பிப் போட்டுப் பாத்தா. "ஐயா, இது தேரியிலயா எடுத்தீங்க? ஈரத்துல நிக்கிற செடி மாதிரில்ல இருக்கு. இலையில முடி இல்ல, பூவும் இல்ல. இத வச்சு நான் ஒண்ணும் சொல்ல முடியாது. ரோட்டோரக் களையாக்கூட இருக்கலாம்." அப்படிச் சொல்லிட்டு, "காஞ்ச எடத்துல நிக்கிறது பூவோட கிடைச்சா கொண்டு வாங்க"ன்னா. அவிய "சரி மேடம்"னாவ. வீட்டுக்கு வந்து போன அணைச்சு அலமாரியில வச்சுட்டு, நாற்காலிய இழுத்துப் போட்டாவ.

நான் எதுக்கும் அழுவாத ஆளு. அன்னைக்கு அடுப்படியில உக்காந்து அழுதேன்.

மறுநா வெயிலுக்கு முந்தி தோசைக்கரண்டிய எடுத்துக்கிட்டு நானே தேரிக்குப் போயிட்டேன். யாருகிட்டயும் சொல்லல. எங்க நெலத்தத் தாண்டி, அய்யனார் கோயிலத் தாண்டி, நடந்தேன், நடந்தேன், ஒண்ணத்தயும் காணும். எல்லாம் காஞ்சு சருகாக் கெடக்கு. நானும் குனிஞ்சு குனிஞ்சு பாத்துக்கிட்டுப் போறேன். எதுக்க ஒருத்தன் பைக்குல வந்தான், நிறுத்தி, "என்னம்மா தொலைச்சீங்க?"ன்னான். "உன் வேலையப் பாத்துக்கிட்டுப் போ"ன்னேன். கடைசியில ஒரு உடைமரம், கொப்பு தரையோட தரையாத் தாழ்ந்து கெடக்கு, ஆட்டுத் தலை நுழையாது. என் தலையும் நுழையாதுதான், நுழைச்சேன். தலையெல்லாம் முள்ளு, சேலை கிழிஞ்சுட்டு. உள்ள நிக்குது ஒண்ணு. சோத்துக்கில்லாத வீட்டுப் பிள்ளை மாதிரி ஒரு சாண்கூட இல்ல, இலையெல்லாம் நரை விழுந்த மாதிரி முடி. ஆனா ஒத்தப் பூ பூத்திருந்துச்சு. எனக்கு அதப் பாத்து ஒரு நம்பிக்கையும் வரல. கொழுகொழுன்னு இருந்ததயே வேண்டாம்னவ, இந்தச் சவலப் பிள்ளையவா ஏத்துக்கிடப் போறான்னுதான் நெனச்சேன். இருந்தாலும் தோசைக்கரண்டியால வேரு அறாம எடுத்து, இந்த பிஸ்கட் டப்பாவுல வச்சு, நாற்காலியில இருந்தவிய மடியில கொண்டு போயி வச்சேன்.

மூடியத் தொறந்து பாத்தாவ. ரொம்ப நேரம் பாத்தாவ. "எங்கட்டி கெடச்சுது?"ன்னாவ. அப்புறம் என் தலையில இருந்த முள்ள ஒவ்வொண்ணா எடுத்தாவ. எடுத்துக்கிட்டே, "மொத பஸ்ஸு எத்தனை மணிக்கு?"ன்னு கேட்டாவ.

அந்த மொத பஸ்ஸுலதான் இன்னைக்குக் காலையில கெளம்புனோம். நேரா மேடத்துக்கிட்டப் போனோம். பூவப் பாத்ததும் அவ மொகம் மலந்துட்டு. பெரிய கண்ணாடி மெசினுக்குக் கீழ வச்சா. "அம்மா, நீங்களும் பாருங்க"ன்னு என்னையும் கூப்பிட்டுக் காட்டுனா. ஒத்தக் கண்ண மூடிக்கிட்டுப் பாத்தேன் தங்கச்சி. நெசமாவே கூட்டந்தான். பொடிப்பொடியா எல்லாம் வாயத் தொறந்துக்கிட்டு நிக்குது. கல்யாணக் கூட்டம்னு அவிய சொன்னது சரிதான், பந்தி போடப் போறதுக்கு முந்தி நிக்கும்லா, அந்தக் கூட்டம்.

"ஐயா, சந்தேகமே இல்ல. வெட்டுக்காயப் பூண்டும் இல்ல, வெளியூருக் களையும் இல்ல. இந்த மண்ணுலயே பொறந்த பூ"ன்னா மேடம். ஏதோ நீளமா ஒரு பேரு சொன்னா, எனக்கு வாயில நுழையல. அவிய ரெண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டுக்கிட்டாவ. பொறவு தலையக் குனிஞ்சுக்கிட்டு, "அந்தக் குரூப்புல நீங்களே ஒரு வார்த்தை போடுவியளா மேடம்?"னாவ. அவளும் அந்த எடத்துலயே போட்டுட்டா. அதத்தான் இப்போ தடவித் தடவிப் பாத்துக்கிட்டிருக்காவ. எத்தனை கட்டைவிரலு வந்துருக்குன்னு பாக்காவ. பாக்கட்டும், எனக்கும் சந்தோசந்தான். அந்தக் குரூப்புப் பெரிய சாரும் கும்பிடு போட்டுட்டாராம்.

ஆனா ஒரு விசயந்தான் தங்கச்சி எனக்கு மனசு ஆறல. அதனாலதான் நான் அங்க போயி உக்காராம இங்க வந்து உக்காந்திருக்கேன். லேடீஸ் சீட்டுன்னு இல்ல.

போன தடவை நாங்க குடுத்த செடிய மேடம் பேப்பருக்குள்ள வச்சுக் காயப்போட்டு வச்சிருக்கா. அதயும் எடுத்து இதுக்குப் பக்கத்துல வச்சுப் பாக்கா. பாத்துட்டு ஒரே சிரிப்பு. "ஐயா, ரெண்டும் ஒரே செடிதான். இந்தச் செடிய இவ்வளவு செழிப்பா நான் பாத்ததே இல்ல. யாரு இப்படித் தண்ணி ஊத்தி வளத்தது?"ன்னா. நான் சேலையச் சரி பண்ணிக்கிட்டு வாயத் தொறக்கப் போறேன். அதுக்குள்ள அவிய முந்திக்கிட்டு, "நான்தான் மேடம். தெரியாம ஊத்திட்டேன்"னுட்டாவ.

எப்படி இருக்கும் எனக்கு? இடுப்பு ஒடியச் சுமந்தது நானு. தேரி மணல்ல காலு புதைய நடந்தது நானு. இவிய டீக்கடையில உக்காந்து பேப்பரு படிச்சாவ. காலேஜ் மேடம் வாயால ஒரு நல்ல பேரு வாரப்ப, அதயும் தூக்கித் தன் தலையில வச்சுக்கிட்டாவ பாருங்க. மேடம் ஏதோ சொல்லிக்கிட்டே போறா, "ஐயா, தேரிச் செடிக்குத் தண்ணி ஊத்துனா அதுக்கு அடையாளமே போயிரும், பூக்காது, வேரழுகிச் செத்தும் போயிரும், உங்களுக்குத் தெரியாததா"ன்னு. இவிய பள்ளிக்கூடத்துல நிக்க மாதிரி கையக் கட்டிக்கிட்டு "ஆமா மேடம், ஆமா மேடம்"னு தலைய ஆட்டுதாவ. நான் பக்கத்துல ஒண்ணும் தெரியாதவ மாதிரி நிக்கேன்.

என்ன தங்கச்சி, என்ன கேக்கிய? சத்தமாக் கேளுங்க, இந்த பஸ்ஸு சத்தத்துல காது அடைக்குது.

நான் தண்ணி ஊத்துனது அவியளுக்கு எப்படித் தெரியும்னா?

அது... தெரியாதுல்லா. டீக்கடைக்குப் போன பொறவுதான நான் கொடத்த எடுப்பேன். அவிய வாரதுக்குள்ள வந்து கவுத்தி வச்சிருவேன். தெரிய வழியே கிடையாது.

இருங்க. பொங்கலுக்கு முந்தி அந்தப் பச்சைக் கொடத்துல அடியில விரிசல் விட்டுட்டு. போற வழியெல்லாம் ஒழுகி, பாதிக் கொடந்தான் போயிச் சேரும். வேற கொடம் வாங்கணும்னு நெனச்சுக்கிட்டே இருந்தேன். ஒருநா சாயங்காலம் எடுத்துப் பாத்தா விரிசல் இல்ல. பழைய பிளாஸ்டிக்கக் காச்சி, கம்பியால இழுவி, நல்லா வழவழன்னு ஒட்டியிருக்கு. ஒழுகல. நானும் எடுத்துக்கிட்டுப் போயி ஊத்துனேன். யாரு ஒட்டுனான்னு நான் அன்னைக்கு யோசிக்கவே இல்லையே. எங்க வீட்டுல அந்த வேலை தெரிஞ்சது ஒரே ஆளுதான்.

அப்போ தெரிஞ்சுருக்கு. ஊத்துனா கெட்டுப் போவும்னும் தெரிஞ்சுருக்கு. பூவு கெட்டா போவட்டும், நான் சுமக்குத தண்ணி வழியில ஒழுகக் கூடாதுன்னு ஒட்டி வச்சிருக்காவ.

கொஞ்சம் கால ஒதுக்குங்க தங்கச்சி. உங்க பை இந்தா. அவிய பக்கத்துல இருந்த ஆளு எந்திரிச்சுட்டான், அடுத்தவன் உக்காரதுக்குள்ள நான் போயிருதேன். அழுவல, காத்து அடிக்குதுல்லா, தூசி. போயி மொதல்ல ஒண்ணு கேக்கணும். இம்புட்டும் தெரிஞ்சு வச்சிக்கிட்டு, ஒருநாளாவது ஒரு கொடம் தூக்கித் தந்தாவளா அந்த மனுசன்?